மாட்டுப் பொங்கலும் மாட்டின் வயிறும்

தை மாதம் இரண்டாம் நாளில் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி வர்ணம் தீட்டி, மாலை சூட்டி, பொங்கல் படைத்து ஊட்டுவது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். ஆண்டு முழுவதும் பாலும் எருவும் உழைப்பும் அளித்த ஜீவனுக்கு நன்றி பாராட்டும் இவ்வழக்கம் போற்றத்தக்கதே. ஆயினும், திருநாள் கழிந்த இரண்டொரு தினங்களில் வயிறு புடைத்து, அசைபோடாமல், எழ மாட்டாமல் கிடக்கும் மாடுகளைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் கேட்கப்படுகிறது. அன்பினால் அளித்த சோறே அவற்றுக்கு நஞ்சாய் முடிகின்றது. இது எவ்வாறு நேருகிறது என்பதையும், இதனைத் தடுப்பது எவ்வளவு எளிது என்பதையும் குடியானவர்கள் அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், விதை நெல் விஷயமாக ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தபோது, ஒரு வீட்டுத் தொழுவத்தில் இரண்டாம் ஈற்றுக் கறவைப் பசு ஒன்று படுத்த படுக்கையாய்க் கிடக்கக் கண்டேன். முந்தின நாள் அவ்வீட்டார் ஐவரும் தனித்தனியே தத்தம் கையால் அதற்குப் பொங்கல் ஊட்டியிருந்தனர். அண்டை வீட்டார் இருவரும் ஊட்டினர். ஒவ்வொருவரும் கொடுத்தது கொஞ்சமே. ஆனால் பசு உண்டதோ ஒரு பானைச் சோறு. காலையில் அது அசைபோடாமல் கிடந்ததைப் பார்த்து, வயிறு நிறைந்த களைப்பு என்று எண்ணி விட்டுவிட்டார்கள். கால்நடை வைத்தியர் வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்குடும்பத்தின் அன்றாடச் செலவுக்கு அப்பசுவின் பாலே ஆதாரமாயிருந்தது.

மனிதன் மாட்டைத் தேர்ந்த காரணம்

ஆடு, மாடு, எருமை ஆகியவற்றை மனிதன் வீட்டுப் பிராணிகளாக்கிக்கொண்டது ஏன் என்பதை முதலில் சிந்திக்க வேண்டும். மேற்கு ஆசியாவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆடுகளும் மாடுகளும் பழக்கப்படுத்தப்பட்டன. நம் நாட்டுத் திமில் மாடுகளின் முன்னோர்களைப் பழக்கியதற்கு, பலூசிஸ்தானத்தில் உள்ள மெஹர்கர் என்னும் இடத்தில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அடையாளங்கள் கிடைத்துள்ளன. இவற்றின் பெருஞ்சிறப்பு யாதெனில், மனிதன் உண்ண இயலாத புல்லையும் தட்டையையும் உண்டு, மனிதனுக்கு வேண்டிய பால், இறைச்சி, எரு, உழைப்பு ஆகியவற்றைத் தருவதேயாகும். நெல்மணி நமக்கு, வைக்கோல் மாட்டுக்கு. இந்தப் பங்கீட்டின் மேலேயே நமது வேளாண்மை நெடுங்காலம் நடந்து வந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகளும், ஏறக்குறைய 11 கோடி எருமைகளும் பெரும்பாலும் பயிர்க் கழிவுகளையும் புல்லையுமே நம்பி வாழ்ந்தவை.

நான்கு அறைகள்

மாட்டுக்கு மேல்வாயின் முன்புறத்தில் பற்கள் இல்லை. தடித்த ஈறு மட்டும் உண்டு. ஆகவே நாவினால் புல்லைச் சுற்றிப் பறித்து, அரைகுறையாக மென்று விழுங்குகிறது. விழுங்கிய தீனி நான்கு அறைகளைக் கொண்ட வயிற்றுக்குள் செல்கிறது. முதல் அறையாகிய பெருவயிறு உடலின் இடப்பக்கம் முழுவதையும் நிரப்பி நிற்பது. வளர்ந்த பெரிய பசுவில் இது 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். இரண்டாவது அறையின் உட்புறம் தேன்கூட்டைப் போன்றது. கம்பி, ஆணி முதலியன விழுங்கப்பட்டால் இங்கேயே தங்கும். இருதயம் இதற்கு மிக அருகில் இருப்பதால், அவ்வாணி குத்தி இருதயத்தை எட்டுவதும் உண்டு. மூன்றாவது அறை புத்தகத்தின் ஏடுகளைப் போன்ற மடிப்புகளை உடையது. நான்காவதே நம்முடைய இரைப்பையை ஒத்து, ஜீரண நீரைச் சுரப்பது.

பெருவயிற்றில் ஜீரண நீர் எதுவும் சுரப்பதில்லை. அங்கே வேலை செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அந்த வயிற்று நீரின் ஒரு துளியில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாரைச் சிதைக்கும் ஆற்றல் மாட்டுக்கு இல்லை, இவற்றுக்கே உண்டு. இவை வைக்கோலையும் புல்லையும் புளிக்கச் செய்து சில அமிலங்களை உண்டாக்குகின்றன. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இவ்வமிலங்களிலிருந்தே கிடைக்கிறது. பிறகு இந்நுண்ணுயிர்களும் நான்காம் அறைக்கும் குடலுக்கும் சென்று ஜீரணமாகி, மாட்டுக்குப் புரதச் சத்தாகின்றன. ஆகவே, மாட்டுக்குத் தீனி வைப்பவர் உண்மையில் இந்நுண்ணுயிர்களுக்கே முதலில் தீனி வைக்கிறார். மாடு வளர்ப்பில் அறிய வேண்டிய அடிப்படை உண்மை இதுவே.

அசைபோடுதலின் பயன்

அமிலம் இடைவிடாமல் உண்டாகிக்கொண்டிருந்தால் வயிறு புளித்துக் கெட்டுவிடாதா என்று கேட்கலாம். அதற்கான மருந்து மாட்டின் வாயிலேயே இருக்கிறது. மாட்டின் உமிழ்நீரில் ஆப்பச் சோடாவில் உள்ள அதே காரப்பொருள் கலந்திருக்கிறது. மாடு நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் அசைபோடுகிறது. பெரிய பசு ஒரே நாளில் 100 லிட்டருக்கும் அதிகமான உமிழ்நீரைச் சுரந்து விழுங்கும். அந்தக் காரம் வயிற்றின் புளிப்பை அடக்குகிறது.

நாருள்ள தீனியே மாட்டை அசைபோடத் தூண்டும். குழைந்த சோற்றுக்கும் அரிசிக்கும் அந்தக் குணம் இல்லை. இதை மனத்திற்கொண்டால் திருநாளில் நேரும் ஆபத்து எளிதில் விளங்கும்.

சோறு நஞ்சாவது எவ்வாறு

அரைத்து வைத்த இட்லி மாவு ஓரிரவில் பொங்கிப் புளிப்பதை எல்லோரும் கண்டிருப்பர். மாட்டின் வயிறு அதைவிட வெதுவெதுப்பானது, நுண்ணுயிர்கள் நிறைந்தது. அதில் பழக்கமில்லாத சோறும் வெல்லமும் திடீரென மிகுதியாய்ச் சேர்ந்தால், மாவுச்சத்தை உண்ணும் ஒருவகை நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அளவின்றிப் பெருகி, தயிரைப் புளிக்கச் செய்யும் அமிலத்தையே ஏராளமாக உண்டாக்குகின்றன. அசைபோடுதல் குறைவதால் காரமான உமிழ்நீரும் குறைகிறது. புளிப்பு ஏற ஏற, நாரைச் சிதைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. பெருவயிற்றின் அசைவு நிற்கிறது. உடலிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படுவதால் இரத்தம் வற்றித் தடிக்கிறது. அமிலம் இரத்தத்திலும் கலக்கிறது. தகுந்த சிகிச்சை இல்லாவிடில் ஓரிரு நாட்களில் மாடு இறக்கலாம். பிழைத்தவற்றிலும் சிலவற்றுக்குப் பால் வற்றும். சிலவற்றுக்குக் குளம்பு நோய் கண்டு நொண்டும்.

கலியாண வீட்டு மிச்சச் சோற்றை உண்ட மாட்டுக்கும், தானியக் குவியலில் வாய்வைத்த வெள்ளாட்டுக்கும் நேருவது இதுவே. ஆடுகள் சிறிய உடலினவாதலால், குறைந்த அளவே அவற்றுக்குக் கேடு செய்யும்.

மாவுத் தீனியே கூடாது என்பதல்ல இதன் பொருள். தவிடும் தானியமும் நாள்தோறும் அளவாகப் பெற்றுவரும் மாட்டின் வயிற்றில், அவற்றுக்கேற்ற நுண்ணுயிர்கள் படிப்படியாகப் பெருகியிருக்கும். திடீர் மாற்றமே தீங்கு செய்வது. பிறந்த கன்றின் பெருவயிறு மிகச் சிறியது. அது குடிக்கும் பால் நேரே நான்காம் அறைக்குச் செல்லும். பல வாரங்கள் சிறிது சிறிதாகப் புல்லும் தீனியும் கடித்த பின்னரே கன்று அசைபோடும் பிராணியாகிறது. இயற்கையே இதில் அவசரப்படுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நோயின் குறிகள்

தீனியில் வெறுப்பு, அசைபோடுதல் நின்றுபோதல், இடது விலாப்பக்கம் புடைத்தல், புளித்த வாடையுடன் நீராய்க் கழிதல், கண்கள் குழிவிழுதல், தள்ளாடி நடத்தல், பின்னர் எழ மாட்டாமல் படுத்தல் ஆகியவை குறிகளாம். இவற்றுள் முதலில் தெரிவது அசைபோடாமையே.

குடியானவர்கள் கைக்கொள்ள வேண்டியவை

1. மாட்டுப் பொங்கலன்று காலையில் முதலில் வைக்கோலும் பசும்புல்லும் வயிறார அளித்தல் வேண்டும். பசித்த வயிற்றில் பொங்கலை ஊட்டலாகாது.

2. ஒரு மாட்டுக்குச் சில கவளங்களுக்கு மேல் பொங்கல் வேண்டாம். வீட்டில் ஒருவர் மட்டுமே ஊட்டுதல் நலம். மற்றவர் கையால் கொடுக்க விரும்பினால் அறுகம்புல்லோ வாழைப்பழத் துண்டோ ஒன்றிரண்டு கொடுக்கலாம்.

3. பொங்கல் பானை, அரிசி, தவிட்டு மூட்டை ஆகியவற்றை மாடுகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, தும்பை இறுகக் கட்ட வேண்டும்.

4. மாலைகளைக் கம்பியால் கட்டலாகாது. பூசை முடிந்ததும் மாலை, பலூன், பிளாஸ்டிக் காகிதம் யாவற்றையும் அகற்றிவிட வேண்டும்.

5. புதிய அடர்தீனி எதுவாயினும் பத்துப் பதினான்கு நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டியே பழக்க வேண்டும்.

6. அன்றிரவும் மறுநாள் காலையும் ஒவ்வொரு மாடும் அசைபோடுகிறதா என்று பார்க்க வேண்டும். மாடு மிகுதியாய்த் தின்றுவிட்டதென்று தெரிந்தால், குறிகள் தோன்றும் வரை காத்திராமல், மாவுத் தீனியை நிறுத்தி வைக்கோலை மட்டும் வைத்து, உடனே கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். எவ்வளவு தின்றது, எந்நேரத்தில் தின்றது என்பதை அவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

7. நாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு கஷாயமோ எண்ணெயோ ஊற்றுவது மிகவும் ஆபத்தானது. அது நுரையீரலுக்குள் புகுந்து வேறொரு நோயை விளைவிக்கும்.

இவற்றுள் எதற்கும் அதிகச் செலவில்லை. மாட்டுக்கு வேண்டிய விருந்து, வழக்கமான நல்ல தீனியும் தெளிந்த தண்ணீரும் நிழலில் ஒரு நாள் ஓய்வுமே. பொங்கல் முடிந்த இரவில் வீட்டார் படுக்கைக்குச் செல்லுமுன், ஒருவர் விளக்குடன் தொழுவத்துக்குச் சென்று மாடுகளின் வாயைக் கவனிப்பாராக. அவை அமைதியாய் அசைபோட்டுக் கொண்டிருந்தால் திருநாள் நன்றாய் முடிந்தது என்று நிச்சயமாகக் கொள்ளலாம்.