கையெழுத்துக்குக் காத்திருக்கும் கூடைப்பந்து வீரர்கள்: தேடித் தரும் கம்ப்யூட்டர்

2016ஆம் ஆண்டு கோடைக் காலம். அமெரிக்காவில் தெற்கு கரோலினா மாநிலத்தில் பள்ளி மாணவர்களுக்கான ஒரு கூடைப்பந்து முகாம். முர்ரே ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் உதவிப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கேன் அங்கு சென்றிருந்தார். அவர் பார்க்கப் போனது டெவின் பிரவுன் என்ற மாணவரை. இடையில் பசி எடுக்கவே, ஏதாவது கொறிக்கலாம் என்று எழுந்து போனார். போகும் வழியில் பின்பக்கம் இருந்த சிறிய மைதானத்தில் பந்து தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். அங்கே மூன்றுக்கு மூன்று என்று ஆடிக்கொண்டிருந்த சிறுவர்களில் ஒல்லியான ஒரு பையன் கண்ணில் பட்டான். உடனே தலைமைப் பயிற்சியாளருக்குப் போன் பறந்தது.

அந்தப் பையன்தான் ஜா மொரான்ட். 2019ஆம் ஆண்டு என்.பி.ஏ. வீரர் தேர்வில் நாட்டிலேயே இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். பெரிய ரேங்க் பட்டியல்கள் எதிலும் அப்போது அவர் பெயர் இல்லை.

இத்தனை இன்டர்நெட் தளங்கள், இத்தனை வீடியோ, இத்தனை டேட்டாபேஸ் இருக்கும் காலத்தில், ஒருவரைக் கண்டுபிடிக்க இன்னொருவருக்குப் பசி எடுக்க வேண்டியிருக்கிறதா? நியாயமான கேள்விதான். இந்த வேலையில் கம்ப்யூட்டர் எங்கே கை கொடுக்கிறது, எங்கே காலை வாரி விடுகிறது என்று பார்ப்போம். இதில் வரும் ஒரு கணக்கை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம்.

கையெழுத்து என்றால் என்ன?

அமெரிக்காவில் நன்றாக விளையாடும் பள்ளி மாணவருக்குக் கல்லூரியே கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் தந்து அழைத்துக் கொள்ளும். சில தனியார் பல்கலைக்கழகங்களில் ஓர் ஆண்டுச் செலவு 80,000 டாலருக்கும் மேல். எனவே இந்த உதவித் தொகை கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றிவிடும். இதற்காக மாணவர் கல்லூரியுடன் செய்து கொள்ளும் ஒப்பந்தத்தில் இடுவதுதான் கையெழுத்து. 1964 முதல் இதற்கெனத் தேசிய அளவில் ஒரு பொதுவான கடிதம் இருந்தது. 2024 அக்டோபரில் அதனை நிறுத்திவிட்டார்கள். இப்போது கல்லூரி தரும் நிதி உதவி ஒப்பந்தமே அதன் இடத்தில் இருக்கிறது.

பள்ளியின் கடைசி ஆண்டில், நவம்பர் மாதம் முதல் கட்டக் கையெழுத்து. கல்லூரிகள் முன்பே கண் வைத்திருந்த மாணவர்கள் அப்போதே போய்விடுவார்கள். அடுத்த கட்டம் ஏப்ரலில் தொடங்கும். இடைப்பட்ட மாதங்களில் "இன்னும் கையெழுத்து இடாதவர்" என்ற பெயரோடு ஒரு பெரும் கூட்டம் காத்திருக்கும். அமெரிக்காவில் பள்ளி அளவில் கூடைப்பந்து ஆடும் ஆண் பிள்ளைகள் மட்டும் 5 லட்சத்துக்கும் மேல். இவர்களில் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கல்லூரி அணிகளில் சேருவது நூற்றுக்கு மூன்று, நான்கு பேர்தான். முதல் பிரிவு என்னும் உச்ச நிலைக்குப் போவது நூற்றுக்கு ஒருவர்.

காத்திருப்பவர்கள் எல்லாரும் திறமை குறைந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சிலர் தாமதமாக வளர்ந்தவர்கள். ஆண்டனி டேவிஸ் உயர்நிலைப் பள்ளியில் நுழைந்த காலத்தில் சாதாரண உயரம்தான். படிக்கும்போதே 6 அடி 2 அங்குலத்திலிருந்து 6 அடி 10 அங்குலமாகிவிட்டார். 2012இல் என்.பி.ஏ.வின் முதல் தேர்வு அவர்தான். ஸ்டீபன் கரியின் தந்தையே பெரிய ஆட்டக்காரர். ஆனாலும் பையன் ஒல்லி, குள்ளம் என்று பெரிய கல்லூரிகள் ஒதுங்கிக் கொள்ள, 2006இல் டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டில் அந்தக் கல்லூரி தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக நின்றது.

டைப்ரைட்டரிலிருந்து வீடியோ வரை

1960களில் நியூயார்க்கில் ஹோவர்ட் கார்ஃபிங்கல் என்பவர் பள்ளி வீரர்களைப் பார்த்துக் குறிப்பெழுதி, அதனை அறிக்கையாக்கிக் கல்லூரிகளுக்குச் சந்தா முறையில் விற்று வந்தார். 1966இல் 'ஃபைவ் ஸ்டார்' என்ற முகாமையும் தொடங்கினார். 1980இல் அந்த முகாமுக்கு வந்த ஒரு மாணவர் மைக்கேல் ஜோர்டன். அதுவரை நாடு தழுவிய அளவில் அவர் பெயர் அவ்வளவாக அடிபடவில்லை. இன்று இணைய தளங்களில் மாணவர் பெயருக்குப் பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் இருக்கின்றன அல்லவா? ஓட்டல்களுக்குத் தருவது போல மாணவர்களுக்கும் ஸ்டார்!

அதன்பின் வி.எச்.எஸ். டேப்புகளின் காலம். இரண்டு வி.சி.ஆர்.களை ஒயரால் இணைத்து, ஒன்றில் ஓட விட்டு இன்னொன்றில் பதிவு செய்து, உறையில் போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். ஒவ்வொரு காப்பியிலும் படம் மங்கிக் கொண்டே போகும். பந்து எது, தலை எது என்று தெரியாத டேப்புகளும் உண்டு. பிறகு டி.வி.டி. வந்தது. படம் மங்கவில்லை, தபால் செலவு மட்டும் அப்படியே இருந்தது.

2006இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் மூன்று இளைஞர்கள் 'ஹடில்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். முதலில் அமெரிக்கக் கால்பந்துக்காக உருவானது. பின்னர் கூடைப்பந்துக்கும் வந்தது. பள்ளியின் பயிற்சியாளர் முழு ஆட்டத்தின் வீடியோவையும் இன்டர்நெட் வழியாக இதில் ஏற்றிவிடுவார். யார் பந்தை எறிந்தார், உள்ளே போனதா, எங்கிருந்து எறிந்தார் என்று ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு குறிப்பு ஒட்டப்படும். பிறகு "இந்த மாணவர் இடது பக்கத்திலிருந்து எறிந்த எல்லாம் வேண்டும்" என்று கிளிக் செய்தால், பல ஆட்டங்களிலிருந்து அந்தத் துண்டுகள் மட்டும் வரிசையாக ஓடும். உங்கள் கம்ப்யூட்டரில் பைல் தேடுவதைப் போலத்தான். இங்கே பைலுக்குப் பதில் ஆட்டம். இன்று பல பள்ளிகளில் கேமராவைப் பிடிக்கக்கூட ஆள் தேவையில்லை. சுவரில் பொருத்திய கேமரா பந்து போகும் திசையைத் தானே பின்தொடர்கிறது.

எக்ஸெல்லில் ஒரு சிறிய சோதனை

தேர்வாளர்களின் மேசையில் வீடியோவுக்கு அடுத்து இருப்பது ஒர்க்ஷீட். எக்ஸெல் திறந்து கொள்ளுங்கள். அது இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் வரிசையில் தலைப்புகளாகப் பெயர், ஆடிய நிமிடம், எறிந்தது, உள்ளே போனது, அவற்றில் மூன்று பாயிண்ட் எத்தனை, மொத்தப் பாயிண்ட் என அமைத்திடுங்கள்.

முதல் மாணவர் 32 நிமிடம் ஆடினார். 18 முறை எறிந்து 8 உள்ளே. எல்லாம் இரண்டு பாயிண்ட். மொத்தம் 16. இரண்டாம் மாணவர் 20 நிமிடம்தான் ஆடினார். 12 எறிந்து 6 உள்ளே. அதில் நான்கு மூன்று பாயிண்ட். அவரும் 16. மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் இருவருக்கும் ஒரே எண்தான் வரும்.

இப்போது காலியாக உள்ள ஒரு செல்லில் சமன் குறி இட்டு, மூன்று பாயிண்ட் எண்ணிக்கையில் பாதியை உள்ளே போன எண்ணிக்கையுடன் கூட்டி, எறிந்த எண்ணிக்கையால் வகுத்திடுங்கள். செல் பெயர்களை டைப் செய்ய வேண்டாம். மவுஸால் அந்தந்தச் செல்லைக் கிளிக் செய்தாலே பெயர் வந்துவிடும். கூட்டும் பகுதியை அடைப்புக் குறிக்குள் போட மறக்காதீர்கள். மறந்தால் எக்ஸெல் முதலில் வகுத்துவிட்டுப் பிறகு கூட்டும்; புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது. முதல் மாணவருக்கு 44 சதவீதம் வரும். இரண்டாமவருக்கு 67. அடுத்த செல்லில் பாயிண்டை நிமிடத்தால் வகுத்து 32ஆல் பெருக்குங்கள். பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி ஆட்டம் 32 நிமிடம் என்பதால் இந்த எண். இரண்டாமவர் முழு ஆட்டமும் ஆடியிருந்தால் இதே வேகத்தில் 25.6 எடுத்திருப்பார். ஒரே 16, ஆனால் இரண்டு வேறு ஆட்டக்காரர்கள்.

இனிதான் ஒர்க்ஷீட் காலை வாரும் இடம். இந்த எண்கள் யாருக்கு எதிராக எடுக்கப்பட்டவை என்று எக்ஸெல்லுக்குத் தெரியாது. ஐந்தரை அடிப் பையன்களுக்கு எதிராக எடுத்த 30 பாயிண்டும், நாளைய கல்லூரி வீரர்கள் நிறைந்த அணிக்கு எதிராக எடுத்த 12 பாயிண்டும் அதற்கு வெறும் எண்கள். இன்னொன்று, பள்ளியில் மூன்று பாயிண்ட் கோடு 19 அடி 9 அங்குலத்தில் இருக்கிறது. கல்லூரி ஆண்களுக்கு 22 அடி 1¾ அங்குலம். இரண்டடிக்கு மேல் தள்ளி நின்றால் பலருக்குக் கை நடுங்கும். இதனால்தான் அனுபவம் உள்ள தேர்வாளர்கள் யாரும் தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ சதவீதத்தைக் கவனிக்கிறார்கள். அதில் கை சுத்தமாக இருந்தால் தூரம் பழகிக் கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

பந்து தன் கையில் இல்லாதபோது மாணவர் என்ன செய்கிறார், தவறு செய்தபின் திரும்பி ஓடுகிறாரா, பயிற்சியாளர் திட்டும்போது முகம் எப்படி இருக்கிறது? இவற்றுக்கு எந்தத் தலைப்பில் பத்தி போடுவது? முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

போட்டிக்கு வந்த புதிய டேட்டாபேஸ்

2018 அக்டோபரில் என்.சி.ஏ.ஏ. ஒரு டேட்டாபேஸைத் திறந்தது. பெயர் 'டிரான்ஸ்பர் போர்ட்டல்'. கல்லூரி மாற விரும்பும் வீரர் தன் கல்லூரியில் சொன்னால், அவர் பெயர் இதில் ஏறும். மற்ற கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போய்த் தேடலாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. பெயர், கல்லூரி, தேதி கொண்ட ஒரு பட்டியல்தான். ஆனால் 2021 முதல் ஒருமுறை மாறுவோர் ஓராண்டு சும்மா உட்கார வேண்டியதில்லை என்றும், 2024 முதல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றும் விதி தளர்ந்தது. 2025இல் முதல் பிரிவு ஆண்கள் கூடைப்பந்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்டவர்கள் இதில் பெயர் கொடுத்தனர்.

பள்ளி மாணவருக்கு இதனால் என்ன? ஏப்ரலில் ஒரு கல்லூரியில் இடம் காலியாகிறது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு பக்கம் 22 வயது, மூன்றாண்டு அனுபவம் உள்ளவர். மறுபக்கம் 18 வயது, இன்னும் வளரும் பையன். பயிற்சியாளர் யாரைக் கிளிக் செய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்து இடாமல் காத்திருக்கும் மாணவரின் உண்மையான போட்டியாளர் இப்போது பக்கத்துப் பள்ளியில் இல்லை. அந்தப் போர்ட்டலில் இருக்கிறார். எனவே பலர் இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளையும், இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளையும் நாடுகின்றனர். அது ஒன்றும் குறைவான வழியல்ல. அங்கே ஆடும் வாய்ப்பாவது கிடைக்கும்.

பணம் கேட்டு வரும் மெயில்கள்

காத்திருக்கும் குடும்பத்தின் பதற்றம் சிலருக்கு வியாபாரம். "உங்கள் மகனைப் பல நூறு கல்லூரிகளுக்கு அறிமுகம் செய்கிறோம்" என்று மெயில் வரும். ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பார்கள். பெரும்பாலும் அவர்கள் செய்வது ஒரே மெயிலைப் பல முகவரிகளுக்குத் தட்டிவிடுவதுதான். உதவித் தொகையை உறுதியாகத் தருகிறேன் என்று சொல்ல எந்த இடைத்தரகராலும் முடியாது. பெற்றோர்தான் ஏமாறுவார்கள் என்றில்லை. 2010இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, வீரர்கள் பற்றிய ஒரு தகவல் தொகுப்புக்கு 25,000 டாலர் கொடுத்தது. வந்து சேர்ந்ததில் பெரும்பகுதி பள்ளியை முடித்துவிட்டுப் போனவர்களின் பழைய விவரங்கள்! அதற்காக விசாரணை, தண்டனை வரை போனது.

உண்மையில் அந்த மெயிலை வீட்டிலிருந்தே இலவசமாக அனுப்பலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகத் தளத்திலும் விளையாட்டுத் துறைப் பக்கத்தில் உதவிப் பயிற்சியாளர்களின் மெயில் முகவரிகள் உள்ளன. தலைமைப் பயிற்சியாளரை விட உதவியாளருக்கு எழுதுவதே நல்லது. தேடும் வேலை அவருடையது. பொருள் என்ற இடத்தில் "வணக்கம்" என்று எழுதி வீணாக்க வேண்டாம். பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, உயரம், ஆடும் இடம், மதிப்பெண் சராசரி ஆகியவற்றை அங்கேயே தந்துவிட வேண்டும். மதிப்பெண் எதற்கு என்கிறீர்களா? முதல் பிரிவில் சேர 16 முக்கியப் பாடங்களில் சராசரி 2.3 தேவை. அது இல்லாவிட்டால் வீடியோவை யாரும் திறக்கப் போவதில்லை.

வீடியோவை மெயிலுடன் இணைத்து அனுப்ப முயல்வது அடுத்த தவறு. மொபைல் போனில் எடுத்த தெளிவான வீடியோ ஒரு நிமிடத்துக்கே 100 எம்.பி.யைத் தாண்டிவிடும். ஜிமெயில் ஏற்பது 25 எம்.பி. மட்டுமே. விண்டோஸ் 11இல் உள்ள கிளிப்சாம்ப் புரோகிராமில் மூன்று, நான்கு நிமிடத்துக்கு வெட்டி, சிறந்த காட்சிகளை முதல் அரை நிமிடத்திலேயே வைத்து, யூடியூபில் 'அன்லிஸ்டட்' என்ற வகையில் ஏற்றி, அதன் லிங்க்கை மட்டும் அனுப்பலாம். பந்து வரும் முன் மாணவரைச் சுற்றி ஒரு வட்டம் தெரியட்டும். பத்துப் பேரில் யாரைப் பார்ப்பது என்று தேட வைக்கக் கூடாது. வீட்டு முகவரியை வீடியோவில் போடக் கூடாது. கூடவே வெட்டாத முழு ஆட்டம் ஒன்றின் லிங்க்கும் வேண்டும். நல்லதை மட்டும் வெட்டி ஒட்டினால் எல்லாருமே ஜோர்டன்தான் என்று பயிற்சியாளருக்குத் தெரியாதா?

ஜிம்மி பட்லர் டெக்சாஸில் பள்ளியை முடித்தபோது அவரை எந்தப் பெரிய கல்லூரியும் கேட்கவில்லை. ஒரு ஜூனியர் கல்லூரியில் ஓராண்டு ஆடிய பிறகு, 2008இல் மார்க்வெட் பல்கலைக்கழகம் அழைத்தது. கையெழுத்திட்ட கடிதத்தை அவர் அனுப்பியது பக்கத்தில் இருந்த மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் பேக்ஸ் மெஷினிலிருந்து. இப்போதெல்லாம் ஒப்பந்தம் மாணவரின் மொபைல் போனுக்கே லிங்க்காக வந்துவிடுகிறது. விரலால் எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.