விக்ராந்தின் தளத்திலிருந்து எழுந்த ஸீ ஹாக்

யுத்த விமானம் ஒன்றின் பெருமையை அதன் வேகத்தைக் கொண்டும் அது சுமக்கும் குண்டுகளின் எடையைக் கொண்டும் அளப்பதே வழக்கமாக இருப்பினும், பிறந்த நாட்டின் கடற்படை தன் முன்னணி அணிகளிலிருந்து விலக்கிவிட்ட அதே 1960-ஆம் ஆண்டில் இந்தியக் கடற்படைக்குள் பிரவேசித்து, பின்னர் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, பாகிஸ்தானுடன் நடந்த 1971-ஆம் ஆண்டின் யுத்தத்தில் வெற்றிக்குத் துணைநின்ற ‘ஸீ ஹாக்’ விமானத்தின் சரித்திரம், அந்த அளவுகோல் மட்டும் போதாது என்பதை நமக்கு உணர்த்துகிறது.

இங்கிலாந்தின் ஹாக்கர் கம்பெனி அமைத்த இவ்விமானத்தின் முன்மாதிரி 1947 செப்டம்பர் 2-ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. 1953-ல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்த ஸீ ஹாக், 1956-ல் சூயஸ் யுத்தத்தின்போது எகிப்திய விமான நிலையங்களைத் தாக்கியது. விமானி ஒருவர் மட்டுமே அமரும் இதற்கு ரோல்ஸ் ராய்ஸ் ‘நீன்’ ஜெட் இஞ்சின் ஒன்று; முகப்பில் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு; இறக்கைகளின் அடியில் குண்டுகளும் ராக்கெட்டுகளும். இஞ்சினின் வெப்பவாயு வால்வரை ஒரே குழாயில் ஓடாமல் இரண்டாகப் பிரிந்து, இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தின் பின்புறமாக இருபக்கமும் வெளியேறும்படி செய்திருந்தார்கள். இதனால் உடலின் பின்பகுதி எரிபொருளுக்கு இடமாயிற்று. கடலின்மேல் வெகுதூரம் போய்த் திரும்பவேண்டிய விமானத்துக்கு இது சாமானிய அனுகூலமன்று.

கப்பலின் தளத்திலிருந்து பறப்பது தரையிலிருந்து பறப்பதைக் காட்டிலும் எவ்வளவு கடினமானது என்பதையும் இங்கே கூறவேண்டும். இந்தியக் கடற்படையின் ஸீ ஹாக்குகள் பறந்த விமானந்தாங்கிக் கப்பலான அந்நாளைய விக்ராந்தின் நீளம் ஏறத்தாழ 213 மீட்டர்தான். அக்குறுகிய தளத்திலிருந்து விமானத்தை நீராவி விசையினால் இயங்கும் எறிபொறி சில விநாடிகளில் வானில் வீசிவிடும். திரும்பி வரும் விமானம் தன் வாலின் அடியில் தொங்கும் கொக்கியால், தளத்தின் குறுக்கே கட்டிய எஃகு வடங்களுள் ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்கவேண்டும். வடம் அகப்படாவிட்டால், சாய்வாக அமைந்த தளத்தின் வழியே முழுவிசையுடன் மீண்டும் எழுந்து, வட்டமிட்டு வந்து மறுபடியும் முயலவேண்டும்.

இந்தியாவின் முதல் ஸீ ஹாக் அணியான 300-ஆம் அணி, 1960 ஜூலையில் பிரிட்டனில் உருவாயிற்று. 1961 மார்ச் 4-ஆம் தேதி பெல்பாஸ்ட் நகரில் விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது. அதே ஆண்டு மே 18-ஆம் தேதி, பின்னாளில் கடற்படைத் தளபதியாக உயர்ந்த ஆர். எச். தஹிலியானி அதன் தளத்தில் முதல் ஸீ ஹாக்கை இறக்கினார். கப்பல் துறைமுகத்தில் இருக்கும் காலங்களில் விமானங்களுக்குத் தரையிலும் ஓர் இருப்பிடம் அவசியமாதலால், கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் 1961 செப்டம்பரில் ‘ஹன்ஸா’ என்னும் கடற்படை விமான நிலையம் தொடங்கப்பெற்றது. 1964-ல் அது கோவாவிலுள்ள டபோலிமுக்கு மாறியது. பின்னர் மேற்கு ஜெர்மனியின் கடற்படை விலக்கிய ஸீ ஹாக் விமானங்களையும் வாங்கிச் சேர்த்தார்கள்.

பாகிஸ்தானுடன் நடந்த 1965-ஆம் ஆண்டு யுத்தத்தின்போது விக்ராந்த் பழுதுபார்க்கும் நிலையில் இருந்தபடியால் கடலுக்குப் போக இயலவில்லை. 1971-லோ, கப்பலின் கொதிகலன்களுள் ஒன்றில் விரிசல் கண்டு வேகம் குறைந்திருந்தது. கப்பல் காற்றை எதிர்த்து விரைந்து சென்றால்தான் விமானங்கள் எழுவது எளிது. ஆகவே இக்கப்பலை யுத்தத்துக்கு அனுப்பலாமா என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. ஆயினும் கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவரும் நாகர்கோவிலில் பிறந்தவருமான வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், விக்ராந்தை அந்தமான் பக்கம் மறைவாக நிறுத்திவைத்து, அது சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் இருப்பதுபோன்ற தோற்றத்தைப் பகைவருக்கு உண்டாக்கினார். அதைத் தேடிவந்த பாகிஸ்தானின் ‘காஜி’ நீர்மூழ்கி, டிசம்பர் 3-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்தின் அருகே மூழ்கியது.

மறுநாள், டிசம்பர் 4-ஆம் தேதி, ஸீ ஹாக்குகள் விக்ராந்திலிருந்து எழுந்து, அன்று பாகிஸ்தானின் பகுதியாக இருந்த கிழக்கு வங்கத்தின் காக்ஸ் பஜார் விமான நிலையத்தைத் தாக்கின. அடுத்துச் சிட்டகாங்கின் விமான நிலையமும் துறைமுகமும் இலக்காயின. பிறகு வந்த நாட்களில் குல்னா, மங்லா பகுதிகளிலுள்ள கப்பல்களும் பீரங்கிப் படகுகளும் தாக்குதலுக்கு உள்ளாயின. இதனால் கிழக்கு வங்கத்தில் இருந்த பாகிஸ்தான் படைகளுக்குக் கடல்வழியே உதவி வரவும், கடல்வழியே தப்பிச் செல்லவும் மார்க்கம் அடைபட்டது. டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில் அப்படைகள் சரணடைந்தன. பகைவரின் குண்டுக்கு ஒரு ஸீ ஹாக் கூட இரையாகவில்லை. அணியை நடத்திய லெப்டினன்ட் கமாண்டர் எஸ். கே. குப்தா மகாவீர் சக்கர விருது பெற்றார்.

1983-ல் செங்குத்தாக இறங்கவல்ல ‘ஸீ ஹாரியர்’ விமானங்கள் வந்து சேர்ந்ததும் ஸீ ஹாக்கின் சேவை முடிவுற்றது. பழைய விமானத்தையும் பழுதுற்ற கப்பலையும் கொண்டு வெற்றி கண்ட பெருமை, வடத்தைப் பற்றி இறங்கப் பழகிய விமானிகளுக்கும், இரவு பகலாக இஞ்சின்களைப் பேணிய தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும், இருப்பதைக் கொண்டு சாதிக்கத் துணிந்த தலைவர்களுக்கும் உரியது. புதிய போர்விமானங்களை வாங்குவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அவற்றை இயக்கும் மனிதர்களின் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் அதே அளவு பொருளையும் கவனத்தையும் நாடு ஒதுக்கவேண்டும் என்பதே ஸீ ஹாக்கின் சரித்திரம் நமக்குத் தரும் முடிவு.