வந்தவர்கள், போனவர்கள், வந்து போகிறவர்கள்: வடக்கு முஸ்லிம்களின் மீள்குடியேற்றம்

"அவையள் வருவினம், பதிவினம், வீட்டுத்திட்டத்தை எடுப்பினம், பிறகு புத்தளத்துக்கே போயிடுவினம்." யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்களின் மீள்குடியேற்றம் பற்றிப் பேச்செடுத்தால் இந்த வசனம் எப்படியும் வந்துவிடும். அலுவலர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கடைசியாகச் சொன்னவர் என்னுடைய சித்தப்பா. இதில் பாதி உண்மை இருக்கிறது. பலர் இரண்டு இடத்திலும்தான் இருக்கிறார்கள். அது ஏன் என்று தேடிப் பார்த்ததில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

முதலில் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ் நகரில் அது நடந்தது ஒக்டோபர் 30. சோனகதெருப் பகுதியில் ஒலிபெருக்கியில் அறிவித்து, மக்களைக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் போகச் சொன்னார்கள். கையில் கொண்டுபோக விட்டது சில நூறு ரூபாயும் கொஞ்ச உடுப்பும். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போய் இறங்கினார்கள். மொத்தமாகச் சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம் மாவட்டம். 2002 சமாதான காலத்தில் புலிகள் தரப்பு அதைத் தவறு என்று ஒப்புக்கொண்டது, திரும்பி வரலாம் என்றும் சொன்னது. சிலர் வந்து பார்த்தார்கள். 2006இல் சண்டை மறுபடி தொடங்க அந்தக் கதவும் சாத்தப்பட்டது.

ஆக, உண்மையில் திரும்புவதற்கு வழி பிறந்தது 2009 மே மாதத்துக்குப் பிறகுதான். ஆனால் அந்த நேரம் மெனிக் பாம் முதலான வவுனியா முகாம்களில் ஏறத்தாழ 3 லட்சம் வன்னித் தமிழர்கள் அடைபட்டிருந்தார்கள். அரசும் உதவி நிறுவனங்களும் இடம்பெயர்ந்தவர்களைப் 'பழையவர்', 'புதியவர்' என்று இரண்டாகப் பிரித்தன. பணமும் கூரைத் தகடும் கண்ணிவெடி அகற்றலும் முதலில் புதியவர்களுக்கு. அன்றிருந்த நிலையில் இதை முழுக்கப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 'பழையவர்' முறை வருவதற்குள் கைவசம் இருந்த காசு கரைந்துபோனது. 2011இல் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை, வடக்கு முஸ்லிம்களுக்கென்று அரசு தெளிவான ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இடம்பெயர்ந்தோர் எல்லோருக்குமான நிரந்தரத் தீர்வுக் கொள்கையை அமைச்சரவை ஏற்றுக்கொள்ளும்போது 2016 ஓகஸ்ட் ஆகிவிட்டது.

இனிச் சித்தப்பா சொன்ன விசயத்துக்கு வருவோம்.

1990இல் கணவன், மனைவி, நாலு பிள்ளைகள் என்று வெளியேறிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருசம் கழித்து அந்த நாலு பிள்ளைகளும் கலியாணம் முடித்து நாலு குடும்பம். தாய் தகப்பனோடு ஐந்து. யாழ்ப்பாணத்தில் இருப்பதோ ஒரே ஒரு வளவு, அதுவும் இரண்டு பரப்போ மூன்று பரப்போ. வீட்டில் கூரையில்லை, கதவு நிலையில்லை, முற்றத்தில் மரம் முளைத்துக் காடாகிவிட்டது. இந்த ஐந்து குடும்பமும் ஒரே நாளில் வந்து எங்கே இருப்பது? அதனால் முதலில் தகப்பன் வருவார், அல்லது தொழில் தேடி ஒரு மகன் வருவான். தையல் கடையோ இரும்புக் கடையோ திறக்க முடியுமா என்று பார்ப்பான். பிள்ளைகள் புத்தளத்தில் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், ஓ.எல். சோதனை வருகிறது, நடுவில் பிடுங்கிக்கொண்டு வர ஏலாது. மகள் புத்தளத்திலேயே கட்டிக்கொடுத்தவள். அவளுடைய பிள்ளைகளுக்குச் சோனகதெரு என்பது உம்மம்மா சொல்லும் ஒரு கதை மட்டும்தான்.

இப்படி வந்து போவது திரும்பி வருவதன் ஒரு கட்டம். எங்கள் நிர்வாகத்திடம் அதற்கென்று ஒரு கட்டம் படிவத்தில் கிடையாது. ஒருவருக்கு ஒரு கிராம சேவகர் பிரிவு, ஒரு முகவரி. இங்கே பதிந்தால் புத்தளத்தில் பெயரை வெட்ட வேண்டும். வெட்டினால் அங்கே பள்ளிக்கூட அனுமதியிலும் நிவாரணத்திலும் சிக்கல். பதியாவிட்டால் இங்கே வீட்டுத்திட்டம் கிடையாது. இந்திய வீட்டுத்திட்டத்தில் பயனாளிக்கு 5,50,000 ரூபா கொடுத்தார்கள். அதற்குத் தெரிவாக வேண்டுமானால் காணியில் குடியிருக்க வேண்டும். வீடில்லாத காணியில் குடியிருந்து காட்டினால் வீடு தருவோம் என்ற கணக்கு. தறப்பாள் கொட்டிலில் குடும்பத்தை வைத்திருக்க முடிந்தவருக்கு அது சரிவரும். அலுவலர் பார்க்க வந்த நேரம் ஆள் இல்லையென்றால் 'வசிப்பதில்லை' என்று எழுதி முடிந்தது.

அடுத்தது காணி. இலங்கைச் சட்டப்படி ஒரு தனியார் காணியைப் பத்து வருசம் தடையில்லாமல் ஆட்சியில் வைத்திருந்தவர் உரிமை கேட்கலாம். துப்பாக்கி முனையில் துரத்தப்பட்டவர் எப்படித் தடை சொல்லுவது? 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் இதற்காகத்தான் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அந்தப் பத்து வருசக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழிசெய்தது. நல்ல சட்டம். ஆனால் முகாமில் பசி தாங்காமல் வந்த விலைக்கு உறுதி எழுதிக் கொடுத்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை, அவர்கள் முறைப்படி விற்றவர்கள் ஆகிவிட்டார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெறுமையான முஸ்லிம் வீடுகளில் குடியேறிய எல்லோரும் களவாணிகள் அல்ல. வலிகாமம் வடக்கிலிருந்து இராணுவம் கிளப்பிய தமிழ்க் குடும்பங்களும் அவர்களில் இருந்தன.

மன்னார் தெற்கில், முசலிப் பக்கம், கதை வேறு. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஊர்களில் ஆட்கள் இல்லாத இருபது வருசத்தில் காடு வளர்ந்துவிட்டது. 2012இல் அந்தப் பகுதியில் ஒதுக்கு வனம் என்று வர்த்தமானி வந்தது. திரும்பி வந்து காட்டை வெட்டியவர்கள் 2015 அளவில் தென்னிலங்கை ஊடகங்களில் 'வில்பத்துவை அழிப்பவர்கள்' ஆனார்கள். வில்பத்து தேசியப் பூங்கா அதற்குத் தெற்கே இருக்கிறது என்பதைக் கேட்க ஆளில்லை. 2017இல் மாவில்லு பேணற்காடு என்று இன்னொரு வர்த்தமானி. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒதுக்கு வனத்துக்குள் நடந்த குடியேற்றத்துக்காகக் காடு வெட்டியது சட்டவிரோதம் என்றும், முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீன் தன் செலவில் மரம் நட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. காட்டுக்காக வழக்குப் போட்டவர்களின் கவலை பொய்யில்லை, புதிதாக வெட்டப்பட்ட இடமும் உண்டு. ஆனால் எது பழைய ஊர், எது புதுக் காடு என்று காணி காணியாகப் பிரித்துப் பார்க்கும் வேலையை வர்த்தமானிக்கு முதலே செய்திருக்க வேண்டும்.

வாக்குப் பதிவும் இதே சிக்கல்தான். இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊரில் வாக்காளராகப் பதிய 2013இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. அதனால் தேர்தலுக்குத் தேர்தல் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் பேருந்துகள் போகும். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் அன்று, அப்படிப் போன பேருந்துகள் மீது தந்திரிமலைப் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஊரில் ஒரு வாக்குப் போடுவதற்காக அந்தப் பாதையால் போனவர்களைத்தான் 'இவர்களுக்கு ஊரில் அக்கறையில்லை' என்கிறோம்.

சித்தப்பாவும் 1990இல் இடம்பெயர்ந்தவர், வலிகாமம் வடக்கு. அவருடைய காணியை இராணுவம் விட்டது 2015க்குப் பிறகு. இன்னும் வீடு கட்டவில்லை. பேரப்பிள்ளைகள் ரவுனில் படிக்கிறார்கள், அதனால் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமையும் மண்வெட்டியோடு போய், கிணற்றடியைத் துப்புரவாக்கி, இரண்டு தென்னம்பிள்ளைக்குத் தண்ணி ஊத்திவிட்டுப் பொழுதுபட வந்தார். கிராம சேவகர் அவரை அங்கேதான் பதிந்து வைத்திருக்கிறார்.