ஓர் ஈற்றுக்கு எத்தனை குட்டி?

ஜவ்வாது மலையின் புதூர்நாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஸ்காட்லாந்தில் அது பத்து மணி நேரத்தைத் தாண்டும். அங்கே இலையுதிர்காலத்தில் இரவு நீள, மெலடோனின் சுரக்கும் நேரமும் நீள, செம்மறிகள் பருவத்துக்கு வருகின்றன. நம் மலையில் வெளிச்சத்துக்கு அந்தச் செல்வாக்கு இல்லை. மழை பெய்து, புல் தழைத்து, உடம்பு தேறிய பெட்டை எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரும். சினை பிடிக்காவிட்டால் சுமார் 17 நாளில் மறுபடி வரும்.

ஆனால் நம் செம்மறி பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடுகிறது. அது ஏன்? எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் சூலகத்தில் பல கருமுட்டைப் பைகளை ஒன்றாகவே வளர்க்கத் தொடங்கும். முந்தி வளர்ந்த பை ஈஸ்ட்ரோஜனையும் இன்ஹிபினையும் சுரந்து எஃப்.எஸ்.எச்.சைக் குறைத்துவிடும். மற்றவை பட்டினியில் வாடிப்போகும்.

இந்த விதியை மீறுவது வங்காளத்துச் சுந்தரவனத்தின் கரோல் ஆடு. சின்ன உடம்பு, சேற்றிலும் மேயும், இரட்டையும் மூன்றும் அதற்குச் சாதாரணம். 1790களில் கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய வங்காள ஆடுகளின் வழியே அந்தக் குணம் பூரூலா மெரினோவுக்குப் போனதாகக் கருதுகிறார்கள். அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2001இல் அடையாளம் காணப்பட்டது: ஒரு புரதத்தின் 249ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது! அதனால் பைகள் சிறிதாக இருக்கும்போதே முதிர்ந்து, பல முட்டைகள் சேர்ந்து வெளிவருகின்றன. பூரூலாவில் ஒரு பிரதி இருந்தால் சராசரியாக ஒன்றரை முட்டை கூடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மூன்று.

மகாராஷ்டிரத்தின் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரோலைத் தக்காணி ஆட்டுடன் கலந்து ‘நாரி சுவர்ணா’ என்ற ஆட்டை உருவாக்கியது. எனக்குப் பெரிதாகப் படுவது அங்கே அவர்கள் காட்டிய நிதானம். மூன்று, நான்கு குட்டிகளைத் துரத்தாமல், தாய் பாலூட்டித் தேற்றக்கூடிய இரட்டையை நோக்கியே நடந்தார்கள். நம் நீலகிரி ஆட்டிலும் இதே மரபணு மாற்றம் கண்டறியப்பட்டிருக்கிறது.

மலைப்பட்டியில் இரட்டை வேண்டுமென்றால், மரபணுவைத் தேடுமுன் தீவனத்தைப் பார்க்க வேண்டும். கிடா சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே கூடுதல் தீவனம் கொடுத்தால் இளைத்த பெட்டையின் கருமுட்டை எண்ணிக்கை உயரும். சினையின் ஐந்து மாதத்தில் கடைசி ஒன்றரை மாதம் இன்னும் கவனம் தேவை. குட்டி எடை போடுவதும் மடி இறங்குவதும் அப்போதுதான்.