எல்லோரும் படிக்கத்தக்க வலைப்பக்கம்

அரசின் நலத்திட்டங்கள் பலவற்றுக்கு இன்று வலைத்தளமே முதல் வாயிலாக அமைந்துள்ளது. கல்வி உதவித்தொகையாயினும், ஓய்வூதியமாயினும், பணித் தேர்வாயினும், அறிவிப்பைப் படிப்பதும் படிவத்தை நிரப்புவதும் கணிப்பொறித் திரையிலோ கைபேசியிலோ நிகழ்கின்றன. வரிசையில் நிற்கும் நேரமும் பயணச் செலவும் இதனால் குறைந்துள்ளன என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு திட்டத்தின் பயன் உரியவரைச் சென்றடைவது நிதி ஒதுக்கீட்டை மட்டும் பொறுத்ததன்று. அத்திட்டத்தைப் பற்றிய பக்கத்தை அவர் படித்துப் புரிந்துகொண்டு, படிவத்தை நிரப்பி அனுப்ப முடிகிறதா என்பதையும் பொறுத்ததாகும்.

பார்வை இழந்தோர் வலைத்தளங்களைப் பயன்படுத்துவதற்கான வசதிகள் குறித்து நம் நாட்டில் ஓரளவு விழிப்புணர்வு ஏற்பட்டுள்ளது. ஆனால், கண்பார்வை நன்றாக இருந்தும் எழுத்தைப் படிப்பதில் இடர்ப்படுவோரைப் பற்றிய சிந்தனை இன்னும் போதிய அளவு வளரவில்லை. அவர்களுடைய தேவைகள் யாவை, அவற்றை எளிதில் நிறைவேற்றும் வழிகள் யாவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவகை இடர்ப்பாடுகள்

முதலாவது, டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு. இது அறிவுத்திறன் குறைவன்று. எழுத்து வடிவத்தையும் அதற்குரிய ஒலியையும் விரைவாகவும் பிழையின்றியும் இணைப்பதில் ஏற்படும் இடர்ப்பாடே இதன் அடிப்படை. 1896-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் தேர்ச்சியுள்ள அச்சிறுவனால் எளிய சொற்களைக்கூடப் படிக்க இயலவில்லை. பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடைபெற்றால் அவனே பள்ளியில் சிறந்து விளங்குவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்தாக இருந்தது. குறை மாணவனிடம் மட்டும் இல்லை, செய்தி தரப்படும் வடிவத்திலும் இருக்கிறது என்ற உண்மையை அந்த ஆசிரியரின் சொல் அன்றே உணர்த்தியது.

இரண்டாவது, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகையியக்கமும் சார்ந்த குறைபாடு. இதனை உடையோர் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களே. ஆனால், கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும், பல படிகளை நினைவில் இருத்தி வரிசையாகச் செய்து முடிப்பதும் அவர்களுக்குக் கடினம். சிறுவர்களுக்கு மட்டுமே உரியது என்று கருதப்பட்ட இக்குறைபாடு பலருக்கு முதிர்ந்த வயதிலும் தொடர்வது இன்று உறுதிப்பட்டுள்ளது.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டின்படி, பள்ளி வயதுக் குழந்தைகளில் 5 முதல் 15 விழுக்காட்டினருக்குக் கற்றல் குறைபாடு ஏதேனும் ஒரு வகையில் உள்ளது. ஏ.டி.எச்.டி. குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடமும், வயது வந்தோரில் 2.5 விழுக்காட்டினரிடமும் காணப்படுகிறது. இவர்களைச் சிறு எண்ணிக்கையினர் என்று ஒதுக்கிவிட இயலாது.

சட்டமும் விதிகளும்

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே குறிப்பிட்டது. கற்றல் குறைபாடு அவற்றில் இடம்பெறவில்லை. அதற்கு மாற்றாக வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இப்பட்டியலை 21-ஆக விரிவாக்கியது. டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாடுகள் அதில் சேர்க்கப்பட்டன. ஏ.டி.எச்.டி. தனி வகையாக அப்பட்டியலில் இல்லை. தகவல் தொழில்நுட்பம் அனைவரும் அணுகத்தக்கதாய் இருக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று இச்சட்டத்தின் 42-ஆம் பிரிவு கூறுகிறது.

அரசு வலைத்தளங்களுக்கென வழிகாட்டு நெறிகள் 2009-ல் முதன்முதலாக வகுக்கப்பட்டு, 2018-லும் 2023-லும் திருத்தப்பட்டன. இவை உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் நெறிகளைத் தழுவியவை. அந்நெறிகள் முதல்நிலை, இடைநிலை, உயர்நிலை என மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 2023-ஆம் ஆண்டின் திருத்தம் இடைநிலையை நம் தளங்களுக்கு உரிய அளவாகக் கொண்டுள்ளது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகுதன்மை பற்றிய விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில், அமிலத் தாக்குதலுக்கு ஆளானோரும் பார்வை இழந்த ஒருவரும் தொடுத்த வழக்குகளில், மின்னணுச் சேவைகளை அணுகும் வாய்ப்பு அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று அந்நீதிமன்றம் கூறியது.

இங்கு ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். வாசிப்பில் இடர்ப்படுவோருக்கு மிகுந்த பயன் தரக்கூடிய நெறிகள் பல உயர்நிலையிலேயே வைக்கப்பட்டுள்ளன. வரியின் நீளம், வலப்புற ஓரத்தைச் சமப்படுத்தாமை, எளிய நடை ஆகிய யாவும் அவ்வகையின. ஆகவே, ஒரு தளம் இடைநிலைச் சோதனையில் தேறிச் சான்றிதழ் பெற்ற பின்னரும் இவர்களுக்குப் படிக்கவியலாததாக இருக்கக்கூடும். சான்றிதழோடு நம் பணி முடிந்துவிடுவதில்லை.

எழுத்தும் இடைவெளியும்

நெருக்கமாக அமைந்த எழுத்துகள் டிஸ்லெக்சியா உடையோருக்குப் பெரும் தடை. இத்தாலிய, பிரெஞ்சுச் சிறுவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2012-ல் வெளியான ஆய்வொன்றில், எழுத்துகளுக்கிடையே கூடுதல் இடைவெளி விட்ட அளவிலேயே அவர்களுடைய வாசிப்பு வேகம் உயர்ந்து பிழைகளும் குறைந்தன. இக்குறைபாட்டுக்கெனத் தனியே வரையப்பட்ட எழுத்துருக்களும் உள்ளன. அவற்றால் உறுதியான பயன் விளைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. எனவே, புதிய எழுத்துருவைத் தேடுவதினும் இடைவெளியைச் சீர்செய்வதே ஏற்றது.

வரிகளுக்கிடையே எழுத்தளவைப் போல் ஒன்றரை மடங்கு இடம், ஒரு வரியில் 80 எழுத்துகளுக்கு மிகாத நீளம், எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையாத வேறுபாடு ஆகியவை உலகநெறிகள் கூறும் அளவுகள். இவற்றை இந்திய மொழிகளுக்கு அப்படியே பொருத்திவிட இயலாது. தேவநாகரியில் எழுத்துகளைத் தலைக்கோடு இணைக்கிறது. எழுத்துகளைப் பிரித்து வைத்தால் அக்கோடு அறுபடக்கூடும். அங்கு சொல்லிடைவெளியையும் வரியிடைவெளியையும் கூட்டுவதே தக்கது. உயிர்க்குறிகள் மேலும் கீழும் அமைவதாலும் வரிகளுக்கிடையே கூடுதல் இடம் தேவைப்படுகிறது.

தமிழில் ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் சில இடங்களில் மாறுபடுகின்றன. ‘கெ’, ‘கை’ போன்ற எழுத்துகளில் பின்னர் ஒலிக்கும் உயிரின் குறி முன்னே நிற்கிறது. ல, ள, ழ போன்றவற்றை வேறுபடுத்துவதும் எளிதன்று. இவற்றோடு, நீண்ட கூட்டுச் சொற்களும் சேர்கின்றன. இரு ஓரங்களையும் சமப்படுத்தி அச்சிடும்போது, இத்தகைய நீண்ட சொற்களால் வரியினிடையே பெரும் வெற்றிடங்கள் தோன்றி, கண் அடுத்த சொல்லைத் தேடி அலைகிறது. இடப்புறம் மட்டும் ஒழுங்காக அமைத்து, வலப்புறத்தைத் தன்போக்கில் விடுவது இதற்கு எளிய தீர்வு.

ஆணைகளைப் படமாக வருடி வெளியிடும் வழக்கம் இவ்வெல்லா வசதிகளையும் பயனற்றதாக்கிவிடுகிறது. படத்திலுள்ள எழுத்தின் இடைவெளியை வாசகர் மாற்றிக்கொள்ள இயலாது. அதனைக் கணிப்பொறி வாய்விட்டுப் படிப்பதும் அரிது. ஆணைகளை யூனிகோடு எழுத்திலேயே வெளியிடவேண்டும்.

ஓடும் எழுத்தும் ஓடும் கடிகாரமும்

பல தளங்களில் முகப்பின் மேற்புறம் அறிவிப்புகள் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்கும். படங்கள் தாமாகவே மாறிக்கொண்டிருக்கும். கவனக்குறைபாடு உடையவரின் பார்வை இவற்றின்பால் மீண்டும் மீண்டும் இழுக்கப்படும். மெதுவாகப் படிப்பவரோ, படித்து முடிக்குமுன் அறிவிப்பு மறைந்துவிடக் காண்பார். தானே தொடங்கி 5 விநாடிக்கு மேல் பிற செய்திகளோடு நகரும் எதனையும் நிறுத்தும் வசதி இருத்தல் வேண்டும் என்பது முதல்நிலை விதியாகும். பத்து அறிவிப்புகளை ஓடவிடுவதினும் தேதியுடன் பட்டியலிடுவதே மேல்.

படிவங்களில் காலவரம்பு மற்றொரு தடை. பாதிப் படிவம் நிரம்பிய நிலையில் தொடர்பு அறுந்து, யாவற்றையும் மீண்டும் எழுத நேர்வது எவருக்கும் எரிச்சலூட்டும். இவர்களுக்கோ அதுவே முயற்சியைக் கைவிடும் கட்டமாகிறது. நேரம் முடியுமுன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடியேனும் அளிக்கவேண்டும் என்பது நெறி. நிரப்பிய அளவைச் சேமித்துப் பின்னர் தொடரும் வசதி இருப்பின் இன்னும் நன்று. ஒருமுறை எழுதிய பெயரையும் முகவரியையும் அதே படிவத்தில் மறுபடி கேட்கலாகாது என்றும், கோணலாக எழுதிய எழுத்துகளைப் பார்த்தெழுதும் சோதனைக்கு மாற்றுவழி வேண்டும் என்றும் 2023-ல் வெளியான உலகநெறிகள் கூறுகின்றன. எழுத்தை அறிவதில் இடர்ப்படுபவரிடம் சிதைத்த எழுத்தைக் காட்டி, அவர் மனிதர்தாமா என்று சோதிப்பது முறையாகாது.

வாக்கியமே முதற்படி

தளத்தின் அமைப்பு எவ்வளவு சீராக இருப்பினும், வாக்கியம் சிக்கலாக இருந்தால் பயனில்லை. எடுத்துக்காட்டாக ஓர் அறிவிப்பைக் கற்பனை செய்துகொள்வோம். “மேற்படி உதவித்தொகையைப் பெற விரும்பும் மாணவர்கள், முந்தைய தேர்வில் 50 விழுக்காட்டுக்குக் குறையாத மதிப்பெண் பெற்றிருப்பதோடு, குடும்ப வருமானம் உச்சவரம்பைத் தாண்டாமைக்கான சான்றிதழை உரிய அலுவலரிடமிருந்து பெற்று, குறித்த நாளுக்குள் இணைய வழியே சமர்ப்பிக்கும்பட்சத்தில் மட்டுமே பரிசீலிக்கப்படுவார்கள்.”

இதனையே பின்வருமாறு எழுதலாம். “யார் விண்ணப்பிக்கலாம்? முந்தைய தேர்வில் 50 விழுக்காடு அல்லது அதற்குமேல் பெற்றவர். என்ன தேவை? வருமானச் சான்றிதழ். அதனை யார் தருவார்? வட்டாட்சியர். கடைசி நாள் எது? ஜூன் 30. எங்கே அனுப்புவது? இதே பக்கத்தில்.” விதியில் எதுவும் குறையவில்லை. மாறாக, முதல் வடிவில் ‘உரிய அலுவலர்’, ‘குறித்த நாள்’ என மறைந்திருந்த விவரங்கள் இரண்டாம் வடிவில் வெளிப்பட்டுவிட்டன. தெளிவாக எழுத முற்படும்போது, எழுதுபவரே விடுபட்டவற்றைக் கண்டுகொள்கிறார்.

செலவும் பயனும்

இவற்றுக்கு ஆகும் செலவு மிகுதியோ என்ற வினா எழலாம். ஒரு பக்கத்தைத் திருத்தும் உழைப்பு அலுவலகத்தில் ஒருமுறை செலவாகிறது. திருத்தாவிடில், அதைவிடப் பன்மடங்கான உழைப்பு, படிக்கும் ஒவ்வொருவராலும் ஒவ்வொரு முறையும் செலவிடப்படுகிறது. படிக்க இயலாதவர் இடைத்தரகருக்குக் கட்டணம் தருகிறார். தம் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பிறர் கையில் ஒப்படைக்கிறார். அல்லது விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார். இச்செலவு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் காட்டப்படுவதில்லை. ஆயினும், அதனைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் சுமக்கும் வலுவற்றவர்களே.

மேலும், சலுகை பெறச் சான்றிதழ் தேவைப்படலாம். தெளிவான பக்கத்தைப் படிக்க எச்சான்றிதழும் தேவையில்லை. சட்டப் பட்டியலில் இடம்பெறாத ஏ.டி.எச்.டி. உடையோரும், தம் குறைபாட்டுக்கு ஒரு பெயர் உண்டென்று அறியாமலே வளர்ந்தவர்களும், புதிதாய் எழுதப் படிக்கக் கற்ற முதியோரும், சிறு திரையில் படிக்கும் தொழிலாளரும் ஒருங்கே பயன்பெறுவர்.

ஒவ்வொரு துறையும் தன் தளத்தில் மிகுதியாகப் பார்க்கப்படும் பத்துப் பக்கங்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஓடும் எழுத்தை நிறுத்தி, நீண்ட வாக்கியங்களைப் பிரித்து, படமான ஆணைகளை எழுத்தாக மாற்றலாம். பின்னர், வாசிப்பில் இடர்ப்படுவோர் சிலரையே அழைத்து, படிவத்தை நிரப்பச் செய்து, அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கவனிக்கலாம். எந்தக் கருவியும் காட்டாத குறைகளை அது காட்டும். திட்டம் தீட்டுவோர் எழுதும் கடைசிச் சொல்லும் பயனாளிக்குப் புரியும்போதுதான் அத்திட்டம் நிறைவேறியதாகக் கொள்ள முடியும்.