ஒரு விகிதத்திலிருந்து ஏனைய விகிதங்கள்: குறியும் துல்லியமும்

ஒரு கோணத்தின் முக்கோணவியல் விகிதங்கள் ஆறனுள் ஒன்று தெரிந்தால் எஞ்சிய ஐந்தையும் கண்டறியலாம் என்பது பள்ளிப் பாடநூல்கள் கூறும் செய்தியாகும். இக்கூற்று உண்மையே, ஆயினும் முழுமையானதன்று. கண்டறியப்படும் விகிதத்தின் குறி யாது, அதன் துல்லியம் எத்தகையது என்னும் இரு வினாக்கள் எஞ்சுகின்றன. முதலாவது வகுப்பறையில் ஓரளவு பேசப்படுகிறது. இரண்டாவது பெரிதும் பேசப்படுவதில்லை. எனவே இக்கட்டுரை பின்னதையே விரித்துரைக்கிறது.

குறியைப் பொறுத்தவரை ஓர் எடுத்துக்காட்டுப் போதும். டேன்ஜென்ட் மதிப்பு −5/12 எனத் தரப்பட்டால் கோணம் இரண்டாம் கால்பகுதியிலோ நான்காம் கால்பகுதியிலோ அமையலாம். 5, 12 ஆகியவற்றைச் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொள்ள, கர்ணம் 13 ஆகும். இரண்டாம் கால்பகுதியெனில் சைன் 5/13, கோசைன் −12/13. நான்காம் கால்பகுதியெனில் இரண்டின் குறிகளும் மாறும். கால்பகுதி தரப்படாதவரை விடை ஒன்றன்று, இரண்டு. வர்க்கமூலம் எடுக்கும்போது மிகைக்குறியை மட்டும் கொள்வது குறுங்கோணத்தில் பழகிய கையின் பிழையாகும்.

துல்லியச் சிக்கலைக் காண ஆரியபட்டரின் அரைநாண் அட்டவணை நல்ல சான்றாகிறது. கி.பி. 499-ஐ ஒட்டிய ஆரியபட்டீயம் கால்வட்டத்தை 24 கூறுகளாகப் பகுத்து, 3°45′ இடைவெளியில் ஜ்யா மதிப்புகளின் வேறுபாடுகளைத் தருகிறது. வட்டத்தின் சுற்றளவு 21,600 கலை. ஆரம் 3438 கலை. வேறுபாடுகளைக் கூட்டிவர, முதல் ஜ்யா 225 எனவும், 23-ஆம் ஜ்யா 3431 எனவும் கிடைக்கின்றன. 86°15′-க்கு உரிய இப்பின்னைய மதிப்பே 3°45′-இன் கோஜ்யாவும் ஆகும்.

இனி, 225-ஐ மட்டும் அறிந்ததாகக் கொண்டு கோஜ்யாவைக் கணக்கிடுவோம். 3438-இன் வர்க்கம் 1,18,19,844. 225-இன் வர்க்கம் 50,625. வேறுபாட்டின் வர்க்கமூலம் 3430.63. முழுமையாக்கினால் 3431, அட்டவணை மதிப்பே கிடைத்துவிட்டது. எதிர்த்திசையில் 3431-இலிருந்து தொடங்கினால், 48,083-இன் வர்க்கமூலம் 219.28 ஆகிறது. 225 வரவேண்டிய இடத்தில் ஏறத்தாழ ஆறு கலை குறைகிறது! சூத்திரம் ஒன்றே, திசைதான் வேறு.

காரணம் எளியது. கோஜ்யாவில் நேரும் சிறுபிழை, ஜ்யாவிற்குச் செல்கையில் கோஜ்யா, ஜ்யா ஆகியவற்றின் விகிதத்தால், அதாவது 3431/225 என்னும் ஏறத்தாழ 15 மடங்கால் பெருகுகிறது. முழுமையாக்கலில் நேர்ந்த 0.37 கலை இவ்வாறே ஆறு கலையை நெருங்கியது. இது பழைய அட்டவணைக்கு மட்டும் உரிய குறையன்று. நான்கு தசம இட அட்டவணையில் 1°-இன் கோசைன் 0.9998; இதிலிருந்து பெறும் சைன் 0.0200, உண்மை மதிப்போ 0.0175.

ஆரத்திற்கும் கோஜ்யாவிற்கும் உள்ள வேறுபாட்டை நேரடியாகப் பதிவுசெய்தால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம். இந்திய வானியலில் உத்கிரமஜ்யா எனப்படும் இவ்வளவிற்குச் சூரிய சித்தாந்தம் தனி மதிப்புகளையே தருகிறது. உத்கிரமஜ்யாவை, விட்டத்திலிருந்து அதனைக் கழித்துப் பெறும் எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஜ்யா கிடைக்கும். ஆனால் அங்கும் முதல் மதிப்பு 7 என முழு எண்ணாகவே உள்ளமையால் விடை மீண்டும் 219-ஐ ஒட்டியே வரும், 7.36 எனக் கொண்டால்தான் 225 மீள்கிறது.