உளியின் வாயும் சாணையின் வேகமும்

பழனிக்கு வடக்கே, தொப்பம்பட்டியில், கடைசல் பட்டறை ஒன்றின் வாசலில் கால் மணி நேரம் நின்றவருக்கு, உளியின் நிலைமையை ஆசாரியிடம் விசாரிக்க வேண்டிய அவசியமே இராது. வாய் கூர்மையாக இருக்கும் வரையில் சுழலும் வேப்பங்கட்டையிலிருந்து சுருள் சுருளாக உதிர்ந்த சீவல், வாய் மழுங்கியதுமே மாவாகக் கொட்டத் தொடங்கி, கட்டில் காலின் வளைவுகளிலும் சொரசொரப்பை விட்டுச் செல்லும். ஆசாரி லேத்தை நிறுத்திவிட்டுச் சுவரோரத்துச் சாணைக்குப் போகிறார். ஒரே நாளில் பல முறை நிகழும் இந்தச் சிறு யாத்திரையில்தான் உளியின் ஆயுள் கரைகிறது.

அங்கிருப்பது பெரும்பாலும் பெஞ்ச் கிரைண்டர்தான். நிமிஷத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்றுச் சுற்றும் அதன் ஆறங்குலக் கல்லின் விளிம்பு, விநாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பழைய அரத்தை அடித்துச் செய்த கார்பன் எஃகு உளியை அதில் சற்றே அழுத்திவிட்டால், வாயோரத்தில் முதலில் வைக்கோல் நிறம் படர்ந்து, 'ஐயோ' என்று கையை எடுப்பதற்குள் நீலம் பாய்ந்துவிடும். நீலம் கண்டால் பதம் போயிற்று. அவ்வளவையும் தேய்த்துத் தள்ள வேண்டியதுதான். அவசரத்தில் ஒரு நல்ல உளியை இவ்விதம் பாழாக்கிய பாவம் எனக்கும் உண்டு.

டெய்லரும் ஒயிட்டும் உருவாக்கி, 1900-ல் பாரிஸ் பொருட்காட்சியில் உலகத்துக்குக் காட்டிய ஹைஸ்பீடு எஃகுக்கு இந்தப் பயம் அவ்வளவாக இல்லை. 500 டிகிரி உஷ்ணத்திலும் அதன் கடினம் குலைவதில்லை. ஆனாலும், பாதி வேகத்தில் சுற்றும் எட்டங்குலக் கல், விளிம்பில் விநாடிக்குச் சுமார் 15 மீட்டரே ஓடுவதால், கைக்கு அவகாசம் தருகிறது.

சுவீடனில் 1973-ல் தொடங்கிய டார்மெக் நிறுவனத்தின் யந்திரம் வேறு ஜாதி. பத்தங்குலக் கல் தண்ணீர்த் தொட்டியில் நனைந்தபடி நிமிஷத்துக்கு 90 சுற்றே சுற்றுகிறது. (வெட் கிரைண்டர் என்றால் நம்மவர்களுக்கு இட்லி மாவு நினைவுக்கு வருவது அதன் குற்றமன்று.) உஷ்ணம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, இழைப்புளித் தகட்டுக்கும் கார்பன் எஃகுக்கும் அதைப்போல் உத்தமமான சாதனம் கிடையாது. ஆனால், அடிக்கடி மழுங்கும் கடைசல் உளிக்கு அந்த நிதானம் கட்டுப்படியாகாது என்பதே என் அபிப்பிராயம்.

உராய்வுப் பட்டை ஓடும் யந்திரங்களில் பட்டையை நொடியில் மாற்றலாம். அடிக்கடி வாங்கவும் வேண்டும். 1957-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வென்டார்ஃப் படைத்த கனசதுரப் போரான் நைட்ரைடைப் பூசிய சக்கரமோ, விலை அதிகமாயினும், வருஷக் கணக்கில் விட்டம் குறையாமல் நிற்கிறது. மென்மையான இரும்பை மட்டும் அதில் காட்டக் கூடாது, துகள் அப்பிக்கொள்ளும்.

விட்டம் குறையாததில் என்ன லாபம்? உளியைத் தாங்கும் சட்டத்தை ஒரு முறை சரிபார்த்துவிட்டால், வாயின் சரிவு அடுத்த முறையும் அப்படியே விழும். மயிரிழை தேய்த்தாலே போதும். வேகத்தையும் விலையையும் பற்றி வாதாடுகிறவர்கள், இந்தச் சட்டத்துக்கு முதலில் பணம் ஒதுக்குவது நல்லது. அதுவும் இல்லாதவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு: உளியின் சரிவில் மார்க்கர் பேனா மையைப் பூசி, மின்சாரத்தை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையாலேயே ஒரு முறை உருட்டிப் பார்க்கலாம். மை வாயோரத்தில் மட்டுமோ அடியோரத்தில் மட்டுமோ அழிந்தால், உளியின் பிடி இன்னும் கொஞ்சம் கீழே இறங்க வேண்டுமா, மேலே ஏற வேண்டுமா என்பதை அந்த அழிந்த கோடே காட்டிவிடும்.